ருஷ்மையரின் இருபத்தைந்தாவது அக்டோபர்

பாட் எல்லர்பாஹ்
அக்டோபர் கடைசி ஞாயிறு, 1997

அன்பு மகள் ஆங்கேவுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், கொதிகலன் மட்டும் நலமில்லை. நலம் என்று எழுதும்போது என் முட்டி இரண்டும் சிரிக்கின்றன, சிரித்துக்கொள்ளட்டும். நீ அந்தப் பனிக்காட்டில் சளி காய்ச்சல் அண்டாமல், ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்டுக்கு நடுவில் ஏதாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன. ஒன்றில் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தாடிக்காரர் நிற்கிறார், நீ அந்த மீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மீன் நல்ல மீன், பார்த்தாலே தெரிகிறது. இப்போது என் பங்குக்கு நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், யாராவது போனில் சொல்லி நீ சிரிப்பதற்கு நானே சொல்லிவிடுவது மேல். இந்த மாதம் நம் வீட்டு விடுதியின் மேல்மாடி அறையில் ஒருவர் தங்கியிருப்பதாக விருந்தினர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஊருக்கு அவர் பெயரில் தங்குவரியும் கட்டி, தினமும் காலையில் அவருக்கு ஒரு கோப்பையும் வைத்தேன். அவர் மார்ச் மாதமே இறந்துவிட்டார். உனக்குத் தெரிந்தவர்தான், ருஷ்மையர்.

ஆமாம், கெல்ஸன்கிர்ஹனிலிருந்து வருவாரே, நிலக்கரிச் சுரங்கத்து ருஷ்மையர், அவரேதான். முதல் தடவை அவர்கள் வந்தபோது நீ நாற்காலியில் மெத்தை போட்டு உட்காரும் வயசு. அவர் உனக்கு மரக்குச்சியில் ஊதல் செதுக்கிக் கொடுத்தார், நீ அதை மத்தியான ஓய்வு நேரத்தில், ஊரே மூச்சடக்கிப் படுத்திருக்கும்போது, தோட்டத்தில் நின்று ஊதினாய், பக்கத்து விடுதிக்காரி சண்டைக்கு வந்தாள், அவர் மாடி ஜன்னலைத் திறந்து, ஊதினது நான்தான் என்று பழியை ஏற்றுக்கொண்டார். அவர் மூச்சுக்கு ஒரு மெழுகுவர்த்தியை அணைக்க முடியாது, ஊதல் எங்கே ஊதுவது, அந்த நுரையீரலுக்காகத்தானே டாக்டர் அவரை நம் காட்டுக் காற்றுக்கு அனுப்பினார். அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் அவரும் சம்சாரம் லீஸ்பெத்தும் அதே அறை, அதே மேஜை, அதே ஜன்னல். மலை இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்.

ஊர் இப்போது நீ விட்டுப்போன ஊர் இல்லை. போன வருடம் சட்டத்தை மாற்றினார்களே, அதற்குப் பிறகு மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் தங்கள் செலவில் ஊற்றுச் சிகிச்சைக்கு ஆள் அனுப்புவதே அபூர்வமாகிவிட்டது. நம் தெருவில் இரண்டு விடுதிகள் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டன. மருந்துத் தண்ணீர் கொடுக்கும் ஊற்று மண்டபத்தில் வாசிக்கும் வாத்தியக் கோஷ்டியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களில் வயலின்காரர் டமாரமும் அடிக்கிறார், இரண்டையும் ஒரே முகத்தோடு செய்கிறார். சேற்றுக் குளியல் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறார்கள். எனக்கோ, சொன்னால் அம்மா புலம்புகிறாள் என்பாய், களைப்பாக இருக்கிறது. வேலை அதிகமாக இருந்தபோது இப்படிக் களைத்ததில்லை. ஒரே ஒரு அறைக்காக வீடு முழுவதையும் சூடாக்கி, ஒரே ஒரு ஆளுக்காக அதிகாலையில் எழுந்து ரொட்டி வாங்கி வந்து, ஒரே ஒரு போர்வை உறையைத் துவைத்து மாடிக்கு எடுத்துப் போகும்போது, அந்தப் படி இருபது பேர் துணியைச் சுமந்த காலத்தைவிட உயரமாகிவிட்டது. உன் அப்பாவிடம் சொன்னால், படி அளவு மாறலை, நீதான் குள்ளமாயிட்டேன்னு சொல்கிறார். இந்த மனிதரோடு முப்பது வருடம்.

அப்படியிருக்கும்போது செப்டம்பர் கடைசியில் ருஷ்மையர் அம்மா லீஸ்பெத்திடமிருந்து போன் வந்தது. அறை காலியா என்று கேட்டாள். காலியா என்று கேட்கிறாளே, வீடே காலி. அவர் போய்விட்ட செய்தி கறுப்புக் கரை போட்ட அட்டையில் வசந்தத்திலேயே வந்திருந்தது, நானும் பதில் எழுதியிருந்தேன், அதனால் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். உன் அப்பா ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். இறங்கும்போதே இரண்டு பெட்டி. ஒரு கையில் அவருடைய பச்சைக் கம்பளிக் கோட்டு, நினைவிருக்கும், மான் கொம்புப் பொத்தான் வைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு பொம்பிளைக்கு இவ்வளவா என்று உன் அப்பா காரிலேயே கேட்டுவைத்திருக்கிறார், கேட்கக் கூடாததைக் கேட்பதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த அம்மா, ஒண்ணு அவரோடது, கீழ வச்சுடாதீங்க, ஈரமா இருக்குன்னு மட்டும் சொன்னாளாம். மாடிக்குப் போய் கோட்டை ஹேங்கரில் போட்டு அலமாரிக் கதவில் தொங்கவிட்டாள். நான் இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் போர்வை போட்டிருந்தேன். அவள் மற்றப் பக்கத்து வெறும் மெத்தையை ஒருதரம் கையால் தடவினாள். நான் கீழே இறங்கிப் போய் இன்னொரு போர்வை எடுத்துக்கொண்டு ஏறினேன். முட்டியைக் கேட்டால் அது இன்றுவரை அதைச் சொல்லும்.

மறுநாள் காலை மேஜையில் நான் ரொட்டியை வைத்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, தங்கத் தேவதாரு இன்னும் கொடுக்கிறார்களா என்று கேட்டாள். நீ மறந்திருக்க மாட்டாய், திரும்பத் திரும்ப நம் ஊருக்கே வருகிற விருந்தாளிக்குச் சட்டையில் குத்த தேவதாரு மர வடிவில் ஒரு பின் கொடுப்பார்கள், பத்தாவது வருகைக்கு வெண்கலம், இருபதுக்கு வெள்ளி, இருபத்தைந்துக்குத் தங்கம், தங்கம் என்றால் முலாம், நகத்தால் சுரண்டினால் வரும். ருஷ்மையர் வெள்ளி வாங்கின நாளில் அதைக் கோட்டிலிருந்து கழற்றி ராத்திரி பைஜாமாவில் குத்திக்கொண்டு தூங்கினார், நாம் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், ஆனால் கழற்றவில்லை. இந்த வருடம் வந்திருந்தால் இருபத்தைந்து. நான் கொடுக்கிறார்கள் என்றேன், உங்களுக்கு உண்டு, நீங்கள் வந்துவிட்டீர்களே என்றேன். அவள் ரொட்டியை வெட்டினாள், வெண்ணெய் தடவினாள், பிறகு தட்டில் வைத்துவிட்டாள்.

"எனக்கு எதுக்கு ஹார்ட்விக் அம்மா அது. நான் அதைத் தகரம்னுதான் சொல்லுவேன், அவர் கோவிச்சுக்குவாரு. பிப்ரவரியில ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, அக்டோபருக்கு அறை சொல்லிட்டியான்னு கேட்டாரு. சொல்லிட்டேன்னேன். சொல்லலை. எதுக்குச் சொல்றது, டாக்டர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரே. மறுநாளும் கேட்டாரு, எந்த அறைன்னு. நம்ம அறைதான்னேன். அப்புறம் கேட்கலை, நிம்மதியா இருந்தாரு. நான் அவர்கிட்ட சொன்ன கடைசி விஷயமே பொய்யாப் போச்சு. அதான் வந்தேன்."

காப்பி ஆறிவிட்டதா என்று கேட்டேன். அவள் அடுத்த வருடத்திலிருந்து மகனோடு காஸல் நகரத்தில் இருக்கப் போகிறாள், வீட்டையும் ஒப்படைத்துவிட்டாள், இனி ஒரு அக்டோபர் கிடையாது. தான் மட்டும் தங்கத்தைக் குத்திக்கொண்டு ஊருக்குப் போனால் அவர் கல்லறை முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டுவிட்டு, அவளாகவே சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மத்தியானம் விருந்தாளிச் சீட்டை நிரப்ப உட்கார்ந்தேன். நீ சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான், பெயர், பிறந்த நாள், வந்த நாள். லீஸ்பெத் ருஷ்மையர் என்று எழுதினேன். அதன் கீழே வரி காலியாக இருந்தது. இருபத்து நாலு வருடமாக அந்த வரியில் கை தானாகப் போய்ப் பழகிவிட்டது, அல்ஃபோன்ஸ் ருஷ்மையர் என்று எழுதிவிட்டேன். கை தவறி என்று சொல்ல மாட்டேன். மாடிக்கு எடுத்துப் போய்க் காட்டினேன், அந்த அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள், இரண்டாவது தடவையும் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். அவருக்கும் தங்குவரியை எண்ணிக் கொடுத்தாள், என்னைக் கட்ட விடவில்லை.

உன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் கொதிகலனைத் தட்டிக்கொண்டிருந்த ஸ்பேனரோடு மேலே வந்தார். உனக்கென்னடி புத்தி கெட்டுப்போச்சா, பெர்லின்காரன் எவனையாவது ஒளிச்சு வச்சு வரி ஏய்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன், இல்லாத ஆளுக்கு வரி கட்டி மாட்டிக்கிற முதல் ஆள் நீதான் என்றார். நான் சொன்னேன், ஊருக்கு நஷ்டம் என்ன, ஒரு ஆள் வரி கட்டுகிறார், படுக்கையை அழுக்காக்குவதில்லை, தண்ணீர் செலவழிப்பதில்லை, இப்படிப்பட்ட விருந்தாளி பத்துப் பேர் வந்தால் நாம் பிழைத்துக்கொள்வோம் என்று. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோதுதான் எனக்கும் பயம் வந்தது, விடுதி அனுமதியைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பிறகு பிடுங்கினால் அந்தப் படியில் ஏற வேண்டாமே என்றும் நினைத்தேன், இதை அப்பாவிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அலுவலகத்திலிருந்து இரண்டு பேருக்கும் விருந்தினர் அட்டை வந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வரி கட்டியாயிற்றே, அட்டையில் இருக்கிறதை வீணாக்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு. கச்சேரிக்கு அட்டை, அதனால் இரண்டு நாற்காலி பிடித்து ஒன்றில் கோட்டை உட்கார வைப்பாள். மழை பெய்தாலும் காட்டுப் பாதையில் பெஞ்சு வரை போவாள், அவர் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் எல்லாம் நின்று, மூச்சு வாங்காமலே நின்று, பிறகு நடப்பாள், ஒரு நாள் நானும் கூடப் போனேன், எனக்கு அந்த நிறுத்தங்கள் சௌகரியமாக இருந்தன. ஊற்று மண்டபத்தில் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றுத் தண்ணீர் உண்டு, அந்த அழுகின முட்டை நாற்றம் உனக்குத் தெரியும், நீ அதைக் குடிக்கச் சொன்னால் மேஜைக்கு அடியில் போவாய். அவள் தன் கிளாசைக் குடித்துவிட்டு, அவர் அட்டையைக் காட்டி அவர் கிளாசையும் வாங்கி நின்ற இடத்திலேயே குடித்தாள். நான் வேண்டாம், அந்தத் தண்ணீர் ஒரு கிளாசுக்கு மேல் ஆகாது என்றேன். அவர் ஒருநாளும் மிச்சம் வச்சதில்லையே என்றாள். அடுத்த இரண்டு நாள் அந்த அம்மா காட்டுக்கும் போகவில்லை, கச்சேரிக்கும் போகவில்லை, மேல்மாடிக் கழிவறைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் ஓட்ஸ் கஞ்சியும் அவுரிநெல்லி வற்றலும் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் மறுபடியும் இரண்டு கிளாஸ்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அலுவலகத்துக்குப் புது இயக்குநர் வந்திருக்கிறார், டாக்டர் குவாஸ்ட், ஹாம்பர்க்காரர், டாக்டர் பட்டம் உண்டு, ஊசி போடத் தெரியாது. ஊரை எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்று ஆசை, தப்பில்லை, யாராவது ஆசைப்பட வேண்டுமே. அவரே போனில் கூப்பிட்டார். இந்த வருடம் தங்கத் தேவதாருவுக்கு ஒரே ஒரு தம்பதிதான், உங்கள் வீட்டு ருஷ்மையர்கள், மண்டபத்தில் விழா வைக்கிறோம், வயலின் இருக்கிறது, மேடைக்கு அழைத்து வாருங்கள் என்றார். அவர் எழுந்து வருகிற நிலையில் இல்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. டாக்டர் குவாஸ்ட் ரொம்ப வருத்தப்பட்டார், பிறகு சந்தோஷமாகிவிட்டார், வருத்தத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கலக்கிற்று. அப்படியென்றால் நாங்கள் அவரிடம் வருகிறோம், படுக்கையிலேயே குத்திவிடுகிறேன், பத்திரிகைக்காரரையும் கூட்டி வருகிறேன், வெள்ளிக்கிழமை என்று சொல்லி வைத்துவிட்டார். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நான் அந்தக் கட்டில்ல போய்ப் படுத்துக்க மாட்டேன், அதை மட்டும் என்கிட்ட கேட்டுடாதே என்றார். நான் கேட்கவே இல்லை, மனசில் மட்டும் நினைத்தேன், அது எப்படித்தான் தெரிகிறதோ.

ருஷ்மையர் அம்மாவிடம் போய், அவர் டாக்டரிடம் போயிருக்கிறார், தூங்குகிறார், தொற்று நோய் என்று எதையாவது சொல்லிக் கதவிலேயே வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் உள்ளேயே இருங்கள் என்றேன். அவள் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள், தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை டாக்டர் குவாஸ்ட் பெரிய பழக்கூடையோடு வந்தார், அன்னாசி எல்லாம் வைத்து, பின்னால் கேமராவோடு மாவட்டப் பத்திரிகையின் பருமனான மனிதர் ஒருவர், படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். உன் அப்பா அன்று காலையே சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். உங்களுக்கு என்ன இதில் என்று கேட்டேன். பத்திரிகைக்காரங்க வர்ற வீட்டுல அழுக்குச் சட்டையோட நிற்கணுமா என்றார். நான் மாடிப் படியில் முன்னால் ஏறிக்கொண்டே, டாக்டர் ஐயா, அவர் இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்று ஆரம்பித்தேன். டாக்டர் குவாஸ்ட் உடனே குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டார், தூங்குகிறவரை எழுப்பக் கூடாதாம். ஒரு காலுறையில் கட்டைவிரல் தெரிந்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் என்னால் மேற்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை, அதற்குள் ருஷ்மையர் அம்மா உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு போர்வையும் தட்டி மடித்து இரண்டு பக்கமும் அழகாக வைத்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. டாக்டர் குவாஸ்ட் பழக்கூடையோடு அலமாரிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். அந்த அம்மா நேராக நின்றுகொண்டு சொன்னாள்.

"அவர் மார்ச்சுலயே போயிட்டாருங்க. சீட்டுல கையெழுத்து என்னோடது, இந்த அம்மா மேல ஒண்ணும் இல்லை. ஆனா வரி கட்டியிருக்கு. ஒரு நாள் பாக்கி இல்லாம கட்டியிருக்கு."

படியில் பத்திரிகைக்காரர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். டாக்டர் குவாஸ்ட் அட்டையைக் காட்டச் சொன்னார். அவள் கோட்டுப் பையிலிருந்து அவருடைய அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் முன்னால் பின்னால் திருப்பிப் பார்த்தார், கச்சேரிக்குக் குத்தின ஓட்டை, ஊற்று மண்டபத்து முத்திரை, இரண்டு நாள் தவிர எல்லா நாளும் இருந்தது. தண்ணியும் குடிச்சிருக்காரே என்றார். அவர் பங்கை நான் குடிச்சேன் என்றாள். எப்படி இருந்துச்சு என்று அவர் கேட்டார், என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டிருப்பார் பாவம். வயித்தால போச்சுங்க என்று அந்த அம்மா சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு அன்னாசிக்கு மேலாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் சமையலறையில் என்ன என்ன பாத்திரம் விற்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் அவர், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, வரியைத் திருப்பிக் கொடுக்கணும்னா காரணம் எழுதணும், முன்கூட்டியே கிளம்பிட்டார்னு எழுதலாம், உடம்பு சரியில்லைன்னு எழுதலாம், வராமலே இருந்தார்னு எழுத எங்க படிவத்துல இடம் கிடையாது என்றார். அப்புறம், இருபத்தைந்து தடவையும் ஒரே வீடா என்று கேட்டார். ஒரே அறை என்றாள் அந்த அம்மா.

அவர் எழுந்தார். முதலில் அந்த அம்மாவுக்கு அவளுடையதைக் குத்தினார், அவள் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, மதிப்புக்குரிய ருஷ்மையர் அவர்களே என்று ஆரம்பித்து, எழுதி வைத்திருந்த சொற்பொழிவு முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல், காட்டின் காற்றையும் ஊற்றின் பெருமையையும் ஊர் மன்றத்தின் நன்றியையும், காலுறையோடு நின்று அந்தக் கோட்டுக்குப் படித்தார். அலமாரிக் கதவு நம் வீட்டு அலமாரிக் கதவு, நிற்காது, கோட்டு ஆடிக்கொண்டே இருந்தது, ஆடுகிற கோட்டில் பின் குத்த வரவில்லை, உன் அப்பா முன்னால் போய் ஹேங்கரோடு அதைத் தன் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கு மேல குத்துங்க, கீழ இல்லை என்று அந்த அம்மா சொன்னாள். மேலே குத்தினார். குத்தி முடித்ததும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார், நீட்டின கையை எங்கே கொண்டுபோவது என்று திண்டாடினார், உன் அப்பா ஒரு கையால் கோட்டைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அதைக் குலுக்கினார். அதற்குள் மேலே வந்து சேர்ந்திருந்த பத்திரிகைக்காரர் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே நடந்தது ஒன்றும் கேட்காமல், அவசரம் என்று கீழே போய்விட்டார். ருஷ்மையர் அம்மா கோட்டை வாங்கி, அந்தத் தங்கத்தின் மேல் மூச்சு விட்டுத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். "இப்ப சரி," என்றாள். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தேன், முட்டிக்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை அவளை ரயிலேற்றிவிட்டு வந்தோம். அறை வாடகையை ஒருவருக்குத்தான் வாங்குவேன் என்று சண்டை போட்டு ஜெயித்தேன், காலைக் கோப்பைக்கும் வாங்கவில்லை, அவர் ஒரு நாளும் குடித்து முடிக்கவில்லை என்றேன், அதற்கு முதல் தடவையாக நல்ல சிரிப்புச் சிரித்தாள். ஏறும்போது அடுத்த வருடமும் வரலாமே என்று கேட்டேன், வழக்கம் விடுமா. இருபத்தாறுக்கு ஒண்ணும் குடுக்கிறதில்லையே ஹார்ட்விக் அம்மா என்றாள். ரயில் கிளம்பும்போது கோட்டு ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவருக்கு ஜன்னல் வேண்டும் அல்லவா. திரும்பி வந்து உன் அப்பா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, நான் ஆஸ்பத்திரில கிடந்து எதையாவது கேட்டா நீ உண்மையே சொல்லு என்றார். சரி, முதலில் கொதிகலன் எப்போது சரியாகும் என்ற உண்மையை நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

மேல்மாடி அறையை இன்னும் கலைக்கவில்லை. நாளை செய்யலாம். நவம்பருக்கு ஒருத்தரும் கேட்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு ஒரு குடும்பம் விசாரித்தது, பதில் எழுதவில்லை. வசந்தம் வரை பார்ப்போம், பிறகு நாமும் ஜன்னல் பலகையை இறக்கலாமா என்று அப்பாவும் நானும் ஆளுக்கொரு நாள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஒரே நாளில் இருவரும் சொன்னால் அன்று இறக்கிவிடுவோம். இதற்காக நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படாதே, திரும்பி வருகிறேன் என்று எழுதாதே, நீ வந்து அந்தப் படி ஏறுவதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஒன்றே ஒன்று, எங்களிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் நாட்களில் நன்றாக இரு, அது போதும். அங்கே விற்கிற அந்தப் பஞ்சு ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கறுப்பு ரொட்டிக்கான ரை மாவு கிடைக்காவிட்டால் எழுது, தபாலில் அனுப்புகிறேன். இரவு வேலை முடிந்து வரும்போது பனியில் குறுக்கு வழி வேண்டாம், விளக்கு இருக்கிற ரோட்டிலேயே வா.

கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், அவர் கை எடுக்கிற நேரத்தில் என் கை இருக்கும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், அவரே எழுதமாட்டாராம், பேனா என்னிடம் இருக்கிறதாம். பாட்டரி வாங்கிப் புகை அலாரத்தில் போடச் சொன்னேனே, போட்டாயா, போட்டுவிட்டு எழுது.

என்றும் உன் அம்மா
ரோஸ்வித்தா ஹார்ட்விக்

பி.கு. செவ்வாய்க்கிழமை. தபால்தலை வாங்கப் போனபோது கூடவே பத்திரிகையும் வாங்கினேன், நாலாம் பக்கத்தில் படம் வந்திருக்கிறது, தெளிவாக விழுந்திருக்கிறது, வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கீழே பெயர்கள் போட்டிருக்கிறார்கள். இடது பக்கம் டாக்டர் குவாஸ்ட். நடுவில் திருமதி லீஸ்பெத் ருஷ்மையர். வலது பக்கம், நோயைப் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று விருதைப் பெறும் திரு. அல்ஃபோன்ஸ் ருஷ்மையர் என்று போட்டு, உன் அப்பா நிற்கிறார். இன்று அவர் வெளியே தலை காட்டவில்லை, ரொட்டி வாங்க நான்தான் போனேன். ரொட்டிக்கடையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். தேறிவருகிறார் என்றேன்.